வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடுமா?

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பிடித்தம் போகக் கையில் வருவது 74,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 26,000. மகள் மூன்றாம் வகுப்பு. கிழக்குத் தாம்பரத்தில் 14,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். எல்லாச் செலவும் போக மாதம் 30,000 மிச்சம் பிடிக்கிறோம். இதுவரை சேர்த்தது 19 லட்சம். வாடகைக்கு விடுவதற்கென்று ஒரு வீடு வாங்க ஆசை. மேடவாக்கத்தில் 11 வருடப் பழைய ஃபிளாட் ஒன்று வந்திருக்கிறது. இரண்டு படுக்கையறை, 940 சதுர அடி, யூ.டி.எஸ். (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) 410 சதுர அடி, விலை 58 லட்சம். பராமரிப்புக் கட்டணம் 2,500 உட்பட 18,000 வாடகை வருகிறது. உரிமையாளர் துபாயில் இருக்கிறார். அவருடைய மைத்துனர் பவர் (அவர் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) வைத்து விற்கிறார். அந்தத் தெருவில் மனை சதுர அடி 6,500 போகிறதாம். "வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடும், வரியும் மிச்சம், அரசு வைத்த கைடுலைன் மதிப்பான 42 லட்சத்துக்குப் பதிந்தால் செலவும் குறையும்" என்கிறார் தரகர். மனைவியோ ஊரப்பாக்கத்தில் 27 லட்சத்துக்கு ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட் ஒன்றைப் பார்த்துவிட்டு, அது போதும் என்கிறார். அதற்கு வாடகை 9,500, பராமரிப்பு 1,200 தனி. தென்காசியில் இருக்கும் அப்பா, ஊரிலேயே மனை வாங்கிப் போடு என்கிறார். மேடவாக்கம் வீட்டுக்கு அடுத்த வாரம் 2 லட்சம் டோக்கன் அட்வான்ஸ் ரொக்கமாகக் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
- தாம்பரம் வாசகர்

பதில்:

அந்த 2 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். வீடு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிறகு பேசுவோம். ரொக்கமாக, அதுவும் உரிமையாளர் அல்லாத ஒருவர் கையில், எழுத்து எதுவும் இல்லாமல் கொடுக்க வேண்டாம் என்கிறேன். வீடு, மனை விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழும். அது அவர் கவலை. பேரம் முறிந்தால் பணம் கொடுத்ததற்கு உங்களிடம் என்ன சாட்சி இருக்கும் என்பது உங்கள் கவலை. தரகரின் டைரியில் ஒரு வரி இருக்கலாம், அவ்வளவுதான்.

நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை. வங்கிகளுக்காக வீடுகளை நேரில் பார்த்து மதிப்புப் போட்டுக் கொடுக்கும் சிவில் இன்ஜினீயர். பல்லாவரம், மேடவாக்கம், தாம்பரம், கூடுவாஞ்சேரி என்று இந்தப் பக்கமே இருபது வருடத்துக்கு மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் என் பதில் டேப்பும் கால்குலேட்டருமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் நின்றது விலையில் இல்லை, 'உரிமையாளர் துபாயில்' என்ற வரியில். 50 லட்சமோ அதற்கு மேலோ விலையுள்ள வீட்டை வாங்குகிறவர், விலையில் 1 சதவீதத்தைப் பிடித்து விற்பவர் பெயரில் வரியாகக் கட்ட வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். தரகரும் உங்களிடம் 58,000 என்றுதான் சொல்லியிருப்பார். அந்த 1 சதவீதம், விற்பவர் வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிப்பவராக இருந்தால் மட்டும். வெளிநாட்டுவாசி என்றால் கணக்கே வேறு. இரண்டு வருடத்துக்கு மேல் அவர் கையில் இருந்த வீடு என்றால் 12.5 சதவீதம், அதன்மேல் கூடுதல் வரிகளான சர்சார்ஜும் செஸ்ஸும். குறைத்துப் பிடிக்கலாம் என்று வருமான வரித்துறையிடம் அவர் சான்று வாங்கித் தராதவரை, மொத்த விலைக்கும் பிடிப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. 58 லட்சத்துக்கு இது 8 லட்சத்தைத் தாண்டும். நீங்கள் 58,000 மட்டும் பிடித்துவிட்டு மீதியைக் கொடுத்துவிட்டால், நாளைக்கு நோட்டீஸ் வருவது துபாய்க்கு இல்லை, கிழக்குத் தாம்பரத்துக்கு. பிடிக்க வேண்டிய பொறுப்பு வாங்குகிறவர் தலையில்தான்.

அப்புறம் அந்தப் பவர். துபாயிலேயே எழுதியது என்றால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்றிருக்க வேண்டும். இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். விற்கவும் பணம் வாங்கவும் அதில் அதிகாரம் இருக்கிறதா, வீட்டைப் பார்த்துக்கொள்ள மட்டும் கொடுத்ததா என்று வரிக்கு வரி படிக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒன்றைச் செய்யுங்கள்: உரிமையாளரோடு ஒருமுறை வீடியோ காலில் பேசுங்கள். விலையை அவர் வாயால் சொல்லட்டும். மைத்துனர் சொல்லும் விலையும் மச்சான் சொல்லும் விலையும் ஒன்றாக இல்லாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இனி கணக்கு. தரகர் சொன்ன 'வாடகையே இ.எம்.ஐ. கட்டும்' என்ற வாக்கியத்தை ஒரு வெள்ளைத் தாளில் போட்டுப் பார்ப்போம்.

விலை 58 லட்சம். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,22,000. தரகருக்கு 1 சதவீதம் என்றால் 58,000. வக்கீல் கட்டணம், வங்கியின் செயலாக்கக் கட்டணம், அடமானப் பதிவு, பெயின்ட், இரண்டு குழாய், ஒரு கீசர் என்று 1,20,000 வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் சரியாக 65 லட்சம். 58 லட்ச ரூபாய் வீடு என்று யாரும் உங்களிடம் சொல்லும்போது உங்கள் மனதில் ஓட வேண்டிய எண் இதுதான்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரச் செலவு அந்த மதிப்பில் சேராது. ஆக அதிகபட்சம் 46,40,000 கிடைக்கும். மீதி 18,60,000 உங்கள் கையிலிருந்து. 19 லட்சத்தில் 40,000 மிஞ்சும். பத்து வருடச் சேமிப்பில் மிஞ்சுவது மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக்கூட காணாது.

20 வருடம், 8.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை 40,270 வருகிறது. இப்போது வாடகையைப் பாருங்கள். 18,000 என்பதில் 2,500 குடியிருப்புச் சங்கத்துக்குப் போய்விடும். 15,500 தான் உங்களுடையது. வருடத்தில் ஒரு மாதம் காலி என்று வைப்பது நியாயம். அது போக 1,70,500. காலி மாதத்துப் பராமரிப்பு 2,500, சொத்து வரி 5,000, ஆள் மாறும்போது சுண்ணாம்பு, பிளம்பர், தரகு என்று சராசரியாக 13,000 கழித்தால் 1,50,000. மாதத்துக்கு 12,500. போட்ட 65 லட்சத்துக்கு இது 2.3 சதவீதம். தவணைக்கும் இதற்கும் இடைவெளி மாதம் 27,770. நீங்கள் மிச்சம் பிடிப்பதே 30,000 தான்.

வாடகை ஏறுமே என்பீர்கள். ஏறும். வருடம் தவறாமல் 5 சதவீதம் ஏறினாலும், அந்த 15,500 உங்கள் தவணையை எட்டிப்பிடிக்க 19 வருடத்துக்கு மேல் ஆகும். கடனே 20 வருடம்தான். வட்டி ஒரு சதவீதம் ஏறினால் தவணை 43,250 ஆகிவிடும், அல்லது வங்கி சத்தமில்லாமல் தவணைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடும்.

வரி மிச்சம் என்று சொன்னாரே, அதையும் பார்த்துவிடுவோம். பழைய வரி முறையில், வாடகை வருமானத்தைவிட வட்டி அதிகமாகிவரும் நஷ்டத்தை வருடம் 2 லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். தரகர் மனதில் இருப்பது அந்தக் காலம். புதிய முறையில் வாடகை வருமானம் பூஜ்யம் ஆகும் வரைதான் வட்டியைக் கழிக்க முடியும். மீதியைச் சம்பளத்தின் பக்கம் கொண்டுபோக முடியாது. உங்கள் கம்பெனியில் எந்த முறையில் வரி பிடிக்கிறார்கள் என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். நீங்களாக மாற்றவில்லை என்றால் அநேகமாகப் புதியதுதான். அந்த முறையில் உங்களுக்குக் கிடைப்பது, வாடகைக்குத் தனியாக வரி கட்ட வேண்டாம் என்பது மட்டும். நல்லதுதான். ஆனால் 58 லட்சத்துக்கு வீடு வாங்க அது காரணம் ஆகாது.

கைடுலைன் விலைக்குப் பதிவு என்பது இன்னும் மோசம். 58-ஐ 42 என்று எழுதினால் 16 லட்சத்துக்கு 9 சதவீதம், அதாவது 1,44,000 இன்று மிஞ்சும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது வரித்துறையின் கண்ணில் உங்கள் கொள்முதல் விலை 42 தான். இல்லாத 16 லட்சம் லாபத்துக்கு 12.5 சதவீதம், 2 லட்சம் வரி. இன்னொன்று, வங்கி 42-க்குத்தான் கடன் தரும். அப்படியானால் 16 லட்சத்தை வங்கியிலிருந்து நோட்டாக எடுத்து மைத்துனர் கையில் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் உங்கள் பணம் எல்லாம் வெள்ளை. அதைக் கஷ்டப்பட்டு ஏன் கறுப்பாக்க வேண்டும்?

இனி என் தொழில். ஃபிளாட்டுக்கு நாங்கள் பொதுவாகப் பக்கத்தில் என்ன விலைக்கு விற்றது என்பதை வைத்துத்தான் மதிப்புப் போடுவோம். ஆனாலும் தாளின் ஓரத்தில் இன்னொரு கணக்கையும் நான் போட்டுப் பார்ப்பேன். ஃபிளாட் என்பது துண்டு நிலமும் அதன்மேல் தேயும் கட்டடமும். நிலம் ஏறும், கட்டடம் இறங்கும். உங்கள் வீட்டுக்கு யூ.டி.எஸ். 410 சதுர அடி, மனை விலை தரகர் சொன்ன 6,500 என்றே வைத்தால் 26,65,000. மீதி 31,35,000 எதற்கு? 11 வருடம் ஓடிய 940 சதுர அடிக் கட்டடத்துக்கு. சதுர அடிக்கு 3,335. இன்றைக்கு அதே தரத்தில் புதிதாகக் கட்ட 2,600 போதும் என்பது என் கணக்கு. 11 வருடத் தேய்மானம் கழித்தால் அந்தக் கட்டடம் 20 லட்சத்தை ஒட்டித்தான் வரும். கார் நிறுத்துமிடம், லிஃப்ட், மரவேலை எல்லாம் சேர்த்துத் தாராளமாகப் போட்டாலும் மொத்தம் 50, 51. நேரில் பார்க்காமல் சொல்கிறேன், ஒன்றிரண்டு லட்சம் முன்னே பின்னே இருக்கும். 58 என்பது அதற்குள் வராது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைக்காதீர்கள். வங்கி கடன் கொடுப்பது நீங்கள் பேசிய விலை, என்னைப் போன்ற ஒருவர் போடும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதற்கு. மதிப்பு 51 என்று வந்தால் 80 சதவீதம் 40,80,000 தான். மேலே 5,60,000 நீங்கள் தேட வேண்டும். டோக்கன் கொடுத்த பிறகு இது தெரியவரும்போதுதான் மனிதர்கள் நகையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

ஆக மேடவாக்கம் வேண்டாம். 50-க்கு இறங்கி வந்தால்கூட உங்கள் கையிருப்பில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். முதல் வாடகை வீட்டில் அகலக்கால் வைக்கக் கூடாது. அந்த வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தாலும், அதே மூன்று மாதம் உங்களுக்கு ஓவர்டைம் இல்லாமல் போனாலும் வீட்டில் சண்டை வரக் கூடாது. எந்த வீட்டை வைத்து இதைச் சமாளிக்க முடியுமோ அதுதான் உங்கள் வீடு.

உங்கள் மனைவி பார்த்த வீட்டுக்கு அதே கணக்கைப் போட்டேன். 27 லட்சம், பத்திரச் செலவு 2,43,000, தரகு 27,000, இதர 80,000. மொத்தம் 30,50,000. இந்த அளவுக்கு வங்கி 90 சதவீதம் வரை கொடுக்கலாம், ஆனால் வாங்காதீர்கள். 13,50,000 கையிலிருந்து போட்டு 17 லட்சம் மட்டும் கடன் எடுங்கள். தவணை 14,750. ஒரு மாதம் காலி, வரி, பழுது எல்லாம் போக வருடம் 90,000 நிற்கும், அதாவது மாதம் 7,500. கையிலிருந்து போட வேண்டியது 7,250. முதலுக்குக் கிட்டத்தட்ட 3 சதவீதம். அதே 5 சதவீத ஏற்றத்தில் இந்த வாடகை ஒன்பது வருடத்தில் தவணையைப் பிடித்துவிடும். எல்லாவற்றையும்விட, 5,50,000 உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கும். நான் உங்கள் மனைவி கட்சி.

இதிலும் குறை உண்டு. 3 சதவீதத்தைவிட வைப்பு நிதியிலேயே அதிகம் கிடைக்கும். நிலத்தின் மதிப்பும் வாடகையும் காலத்தோடு ஏறும் என்ற நம்பிக்கையில்தான் வீட்டில் பணம் போடுகிறோம். அந்த நம்பிக்கைக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் கிடையாது. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் ஆள் சீக்கிரம் மாறுவார்கள். புதுமணத் தம்பதி வருவார்கள், குழந்தை பிறந்ததும் பெரிய வீடு தேடுவார்கள். விற்கும்போது வாங்க வருபவர்களும் கொஞ்சம் குறைவு. ஆனால் காலியான வீட்டைத் தேடி அடுத்த ஆள் வர அங்கே காரணம் இருக்கிறது. மின்சார ரயில் இருக்கிறது. 2023 டிசம்பர் 30-இல் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பக்கத்தில். அதே ரயில் பாதையில் பொத்தேரிக் கல்லூரி, மறைமலை நகர்த் தொழிற்சாலைகள், மகிந்திரா சிட்டி. உங்களுக்கும் தாம்பரத்திலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். வாடகை வீடு வைத்திருப்பவருக்கு அது பெரிய விஷயம். ராத்திரி மோட்டார் ஓடவில்லை என்று போன் வந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் அந்த ஃபிளாட்டையே வாங்குங்கள் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். யூ.டி.எஸ். எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 540 சதுர அடி வீட்டுக்கு 150 சதுர அடி நிலம் கொடுத்துவிட்டு மேலே மேலே அடுக்கிய கட்டடங்கள் அந்தப் பக்கம் உண்டு. அனுமதி வாங்கிய வரைபடத்தில் எத்தனை வீடு, நேரில் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். வரைபடத்தில் நான்கு இருந்து, மொட்டை மாடியில் ஐந்தாவதாக முளைத்ததுதான் உங்களுக்கு விற்கும் வீடு என்றால் வங்கியே திருப்பி அனுப்பிவிடும். 30 வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரங்கள், பட்டா எல்லாவற்றையும் நீங்கள் பணம் கொடுத்து அமர்த்திய வக்கீல் ஒருவர் பார்க்கட்டும். வங்கி வக்கீல் பார்ப்பார்தான், ஆனால் அவர் பார்ப்பது வங்கிக்காக.

வீட்டைப் பார்க்கப் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை தரகரோடு போனால் வீடு அழகாகத்தான் இருக்கும். வார நாளில் காலை ஏழு மணிக்குத் தனியாகப் போங்கள். முதலில் குழாயைப் பாருங்கள். முனையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் போர் தண்ணீர் எப்படி என்று யாரும் சொல்ல வேண்டாம். மற்ற வீட்டு வாசல்களில் காலி நீல டிரம் வரிசையாக நின்றால் கோடையில் லாரிதான். குளியலறைக் கூரையைத் தலை தூக்கிப் பாருங்கள். புதிதாக அங்கே மட்டும் வெள்ளை அடித்திருந்தால், மேல் வீட்டுக்காரரிடம் கெஞ்சியாவது அவர்கள் குளியலறையில் அரை மணி நேரம் தண்ணீர் நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, கீழே வந்து காத்திருங்கள். பொட்டுப் பொட்டாக இறங்க ஆரம்பித்தால் அந்தச் செலவும் அந்தச் சண்டையும் இனி உங்களுடையது.

பிறகு தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இரண்டு சட்டை கொடுங்கள். எந்த வீடு எத்தனை மாதமாகக் காலி, எந்த வீட்டில் ஆள் தங்குவதில்லை, ஏன் தங்குவதில்லை என்று அவருக்குத் தெரிந்த அளவுக்குத் தரகருக்குத் தெரியாது. மழைத் தண்ணீர் எதுவரை வந்தது என்றும் கேளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை எல்லோரும் பேசுகிறோம். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியிலும் ஏரி உபரிநீர் ஓடுகிற தாழ்வான தெருக்கள் உண்டு. கார் நிறுத்துமிடத்துத் தூண்களில் முழங்கால் உயரத்தில் பெயின்ட் நிறம் மாறியிருந்தால், என்ன என்று கேட்கவே வேண்டாம்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நானும் முதல் வாடகை வீட்டை மறுவிற்பனையில்தான் வாங்கினேன், குரோம்பேட்டையில். ஊரான் வீட்டில் எல்லாம் சுவரைத் தட்டிப் பார்க்கிறவன், என் வீட்டுக்கு ஒன்றே ஒன்றைக் கேட்க மறந்தேன்: சங்கத்தில் பாக்கி இருக்கிறதா? விற்றவர் இரண்டு வருடமாகப் பராமரிப்புக் கட்டவில்லை. ஆனி மாதக் கடைசி வாரத்தில் என் முதல் குடித்தனக்காரர் பால் காய்ச்ச வந்து நிற்கிறார். லிஃப்ட் வாசலில் சங்கச் செயலாளர் நின்றுகொண்டு, "பாக்கியைத் தீர்த்துவிட்டுச் சாமானை ஏற்றுங்கள்" என்கிறார். பேசித் தீர்ப்பதற்குள் நாலு நாள் போயிற்று, ஆடி பிறந்துவிட்டது. வந்தவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். ஆவணி வரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பாக்கித் தொகையையும் நான்தான் கட்டினேன். சங்கத்திடம் 'பாக்கி இல்லை' என்று எழுதி வாங்காமல் இப்போது நான் யாரையும் முன்பணம் கொடுக்க விடுவதில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் நம் ஆட்கள் வீடு மாற மாட்டார்கள். பள்ளி திறக்கும் முன் ஏப்ரல், மே மாதங்களில்தான் நல்ல தேவை இருக்கும். ஆகவே வாடகை ஒப்பந்தத்தை எந்த மாதம் போட்டாலும், முடிகிற தேதி ஏப்ரல் கடைசியில் விழுமாறு போடுங்கள். பதினோரு மாதம் என்பது வழக்கம்தான், ஒன்பது மாதத்துக்கும் போடலாம், தப்பில்லை.

ஒப்பந்தம் என்றதும் நோட்டரி கையெழுத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 2017-ஆம் ஆண்டு நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகைதான். பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய சென்னைப் பழக்கம். பதியாமல் விட்டால், ஆள் வாடகை தராமல் உட்கார்ந்துகொள்ளும் அன்று உங்கள் கையில் பிடிமானம் இருக்காது. எழுதும்போதே பெயின்ட் செலவு யாருக்கு, மின்கட்டணம் யார் பெயரில், வருடத்துக்கு எவ்வளவு வாடகை ஏறும் என்பதையும் எழுதிவிடுங்கள். குடி வரும் அன்று மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து இருவரும் வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது வந்து "மாத வாடகை வேண்டாம் சார், 5 லட்சம் லீசுக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். உங்களுக்குக் கடனை அடைக்க ஆசை வரும். அந்த 5 லட்சம் மூன்றாவது வருடம் திருப்பித் தர வேண்டிய பணம். அதைக் கொண்டுபோய் வங்கியில் கட்டிவிட்டால், அதேபோல் லீசுக்கு வரும் அடுத்த ஆள் கிடைக்காத வரை இவரை அனுப்ப முடியாது. முதல் வீட்டில் இந்த வேலை வேண்டாம்.

அப்பா சொல்வது தப்பில்லை, ஆனால் அது வேறு கேள்விக்கான பதில். தென்காசி மனை மாத வாடகை தராது, அதற்கு வேலி போட்டு வருடம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டும் வர வேண்டும். பக்கத்தில் அவர் இருக்கும்வரை அது சரிப்படும். இப்போதைக்கு அவரிடம், "கையில் 5 லட்சம் தனியாக வைத்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். மனையைப் பற்றி அவர் மறுபடி பேசுவாரா என்பது சந்தேகம்.

தரகரிடம், மேடவாக்கம் இப்போது வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். வேறு பார்ட்டி இன்றைக்கே அட்வான்ஸ் போடப் போகிறார் என்பார். போடட்டும். இந்த வாரத்தில் ஒருநாள் முதல் ஷிஃப்டுக்குப் போக வேண்டாதபோது, மனைவியையும் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் ஊரப்பாக்கம் போங்கள். இரண்டு சட்டையை மறக்க வேண்டாம். யூ.டி.எஸ். அளவும், அனுமதி வரைபடத்தின் நகலும், சங்கத்தின் பாக்கிச் சான்றும் கைக்கு வந்ததும் எழுதுங்கள், விலை எவ்வளவு பேசலாம் என்று சொல்கிறேன்.